விழப்போகும் பல்தானே!

நம்மவர் இல்லங்களில் குழந்தைகளின் பற்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழுகின்றது. "விழப்போகும் பல்தானே, இதற்குப் போய் எதற்கு வைத்தியம்?" என்பதே அது. பாட்டிமார் சொல்கிறார்கள், படித்த தந்தைமாரும் சொல்கிறார்கள். காய்ச்சல் என்றால் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுகிற நாம், வயிற்றுப்போக்கு என்றால் இரவெல்லாம் விழித்திருக்கிற நாம், பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தால் மட்டும் வேதாந்தம் பேசத் தொடங்கிவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்துக்காக நம் குடும்பங்கள் கொடுத்துவரும் விலையைச் சற்றே கணக்கிட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. நாம் வைத்தியர் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டுகிறவர்கள். ஆயினும் எது சிறு செலவு, எது பெருஞ்செலவு என்று பிரித்தறிய அந்தப் பழக்கமே போதும்.

பால் பற்கள் மொத்தம் 20. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் கீழ்வரிசை முன்பல் தலைகாட்டும். இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாப் பற்களும் முளைத்துவிடும். ஆறேழு வயதில் முன்பற்கள் ஆடி விழுவதைப் பார்த்துத்தான் நாம் "விழப்போகும் பல்" என்று பெயர் சூட்டிவிடுகிறோம். ஆனால் கடைவாயில் உள்ள பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயதுவரை விழுவதில்லை. ஐந்து வயதில் சொத்தை விழுந்த கடைவாய்ப் பல்லோடு ஒரு குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடியும்வரை உண்ணவும் உறங்கவும் பாடம் படிக்கவும் வேண்டும். வளர்ந்தவர்களாகிய நமக்கு ஒரு வாரம் பல் வலித்தால் வீடே நடுங்குகிறது. குழந்தைக்கு மட்டும் ஐந்தாண்டு தாங்கும் என்று நினைப்பது எந்த நியாயமோ தெரியவில்லை.

பால் பல்லுக்கு மெல்லுவது மாத்திரம் வேலையன்று. ஊரில் பேருந்து வந்து நிற்கும்போது சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பதை யாவரும் அறிவர். பால் பல், பின்னால் வரவிருக்கும் நிலைப்பல்லுக்காகப் போட்டு வைத்த துண்டு. அந்தத் துண்டைக் காலத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் பக்கத்திலிருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார். கடைவாய்ப் பால் பல்லை எட்டு வயதில் பிடுங்க நேர்ந்தால், அதன் பின்னால் உள்ள பல் முன்னோக்கிச் சாய்ந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. உரியவர் வந்து சேரும்போது இடமில்லை. அவர் வெளியே பிதுங்கிக்கொண்டோ உள்ளே மடிந்தோ முளைக்கிறார். பிற்பாடு பதின்மூன்று, பதினான்கு வயதில் "பல்வரிசை சரியில்லை, கம்பி போட வேண்டும்" என்று பல் வைத்தியர் சொல்லும்போது அது பரம்பரை வாகு என்று நாம் தேற்றிக்கொள்கிறோம். பரம்பரையும் உண்டுதான். ஆனால் பல வாய்களில் அந்தக் கோணல் ஐந்தாறு வயதில் நாம் கவனிக்காமல் விட்ட ஒரு பல்லிலிருந்து தொடங்கியதாக இருக்கும்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. ஆறு வயதை ஒட்டி, கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, ஓசையின்றி ஒரு பெரிய பல் முளைக்கின்றது. மேலும் கீழும் இருபுறமுமாக நான்கு. பல் எதுவும் விழவில்லையாதலால் புதிய பல் வந்ததைப் பெற்றோர் அறிவதில்லை. அறிந்தாலும் அதையும் பால் பல் என்றே எண்ணுகின்றனர். உண்மையில் இந்த நான்கும் ஆயுள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப்பற்கள். மெல்லும் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்குபவை. இவற்றின் தலையில் உள்ள ஆழமான பள்ளங்களில் உணவுத் துணுக்குகள் தங்கிச் சொத்தை எளிதில் பற்றிக்கொள்கிறது. "விழப்போகும் பல்தானே" என்று சொல்லி நாம் அலட்சியம் செய்வதில் இந்த விழாத பற்களும் சேர்ந்து போய்விடுகின்றன. ஆறேழு வயதுக் குழந்தை உள்ள வீட்டில், பகல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பக்கமும் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். முன்பு இல்லாத பெரிய பல் ஒன்று அங்கே இருந்தால், அதுதான்.

சொத்தை எப்படி உண்டாகிறது என்பதை வங்காளியர் "தாந்தேர் போகா" என்று பல்லில் உள்ள புழுவின் மேல் போடுகிறார்கள். இந்திக்காரர் "கீடா" என்கிறார்கள். நாம் "பூச்சிப்பல்" என்கிறோம். மொழிகள் எதில் வேறுபட்டாலும் இதில் ஒன்றுபட்டுவிட்டன. உண்மையில் பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. சாலையோரத்தில் பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டுவோர் காட்டும் புழு பஞ்சுக்குள்ளிருந்து வருவது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. ஒவ்வொரு முறை இனிப்பு வாயில் பட்டபின்னும் ஏறக்குறைய அரை மணி நேரம் அமிலத்தின் ஆட்சி. பிறகு உமிழ்நீர் அதைத் தணித்து, கரைந்த சுண்ணச்சத்தைச் சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்க்கிறது. ஆகவே எவ்வளவு இனிப்புத் தின்றோம் என்பதைவிட, நாளில் எத்தனை தடவை தின்றோம் என்பதே முக்கியம். ஓர் உண்மையைச் சொன்னால் நம் தாய்மார்கள் வியப்படைவார்கள்: பூஜை முடிந்தபின் ஒரே அமர்வில் நான்கு ரசகுல்லாவை விழுங்கிவிட்டு வாயைக் கொப்பளிக்கிற பிள்ளையைவிட, காலை முதல் மாலைவரை பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து நக்கிக்கொண்டிருக்கிற பிள்ளையின் பல்லுக்கே கேடு அதிகம். பிஸ்கட் இனிப்புப் பண்டமன்று என்றொரு மூடநம்பிக்கை நம்மிடையே நிலவுகிறது. மாவும் சர்க்கரையும் சேர்ந்து பற்களின் இடுக்கில் பசையாக ஒட்டிக்கொள்வதில் அதற்கு நிகரானது குறைவு.

இரவில் பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்க வைக்கும் வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடுகிறது. சர்க்கரையோ ஊட்டமாவோ கலந்த பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றி விடியும்வரை தேங்கி நிற்கிறது. இரண்டு வயதிலேயே மேல் முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்து, ஈறோடு குச்சிபோல் நிற்கிற குழந்தைகளை நம் குடியிருப்பிலேயே காணலாம். கீழ்வரிசை முன்பற்கள் மட்டும் வெள்ளையாக இருக்கும். நாக்கு அவற்றை மூடிக் காத்துவிடுவதால். "சத்துக் குறைவு" என்று அந்தக் குழந்தைகளுக்கு மேலும் அதே ஊட்டமாவை வாங்கிக் கரைத்துக் கொடுக்கிறோம்.

நிற்க. கணக்குக்கு வருவோம்.

நம் கரக்பூர் நிலையத்துக்கருகே இட்லிக் கடை நடத்தும் அன்பர் ஒருவர், ராமநாதபுரம் பக்கத்தவர், சென்ற ஆண்டு ஒரு கட்டு ரசீதுகளைக் கொண்டுவந்து நம்மிடம் கொடுத்து வரிசைப்படுத்தித் தரச் சொன்னார். அவருடைய ஏழு வயது மகளின் வைத்தியச் செலவு அது. பெயர் சொல்லாமல் எழுத அவருடைய அனுமதியைப் பெற்றிருக்கிறோம். கீழ்க் கடைவாய்ப் பால் பல்லில் சிறு குழி தெரிந்தபோது கடைத்தெரு பல் வைத்தியர் 600 ரூபாய்க்கு அடைத்துவிடலாம் என்றாராம். "கோடை லீவுல ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்னு இருந்தோம் சார்" என்றார். கோடை வந்தது, ஊருக்கும் போனார்கள். பதினெட்டு நாளில் தங்கையின் திருமணம், குலதெய்வக் கோயில் பொங்கல், அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து, பாகப்பிரிவினைப் பஞ்சாயத்து. பல்லுக்கு ஒரு நாளும் மிஞ்சவில்லை. திரும்பி வந்தபின் சில நாள் வலித்தது, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள், வலி நின்றுவிட்டது. எல்லோரும் மறந்துபோனார்கள்.

மழைக்காலத்தில் ஓர் இரவு அந்தக் குழந்தையின் கன்னம் வீங்கி, கண் இடுங்கி, காய்ச்சல் கொதித்தது. தனியார் மருத்துவமனையில் இரண்டு நாள் இருத்தல் 7,800 ரூபாய். மருந்தும் ஊசியும் 1,940. எக்ஸ்ரே படம் 400. பல் எடுத்தது 700. பின்னால் வரும் பல்லுக்கு இடம் காப்பதற்காகப் பொருத்திய கம்பி வளையம் 2,500. ஆட்டோ வாடகை 720. மொத்தம் 14,060 ரூபாய். இதில் ரசீது இல்லாத செலவு எதுவும் சேரவில்லை. கடை நான்கு நாள் பூட்டிக் கிடந்தது. ஊறப் போட்டிருந்த அரிசியும் உளுந்தும் வீண். வாடிக்கையாகக் காலை உணவு எடுத்துச் சென்ற இரண்டு லாட்ஜுகள் அந்த நான்கு நாளில் வேறு கடைக்குப் போய்விட்டன. அவற்றில் ஒன்று திரும்பவே இல்லை. குழந்தை பருவத் தேர்வில் இரண்டு தாள் எழுதவில்லை. 600 ரூபாயை ஒரு பக்கத்திலும் இவற்றை மறுபக்கத்திலும் எழுதி நாம் அவரிடம் காட்டியபோது, அவர் தாளைப் பார்க்கவில்லை. "பணம் போகட்டும் சார். அந்தப் புள்ள மூணு மாசமா ஒரு பக்கமாவே மென்னுக்கிட்டு இருந்திருக்கு. யாரும் கவனிக்கலை" என்றார்.

இதில் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது, இடையில் வலி நின்றுபோனது. பல்வலி தானாக நின்றால் நோய் தீர்ந்தது என்று பொருளன்று. பெரும்பாலும் பல்லின் உள்ளே இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் செத்துவிட்டன என்பதே பொருள். வலி சொல்ல ஆளில்லாமற்போன பிறகு, கிருமி வேர் வழியாக எலும்புக்குள் இறங்குகிறது. ஈறில் சிறு கொப்புளம் போல் தோன்றிச் சீழ் வடிவது அதன் அடையாளம். சில வேளைகளில் அந்தச் சீழ், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லையே தாக்குகிறது. அந்தப் பல் முளைக்கும்போதே மேற்பூச்சுக் குறைவுபட்டு, மஞ்சளும் பழுப்புமாக வெளியே வரும். மாத்திரை வலியை அடக்கும், சொத்தையை அடைக்காது. கிராம்புத் தைலமும் அப்படியே. ஓர் இரவைக் கடத்த உதவும் கைவைத்தியம், அவ்வளவுதான். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதோ, ஈறைப் புண்ணாக்கிவிடுகிற வேலை.

இட்லிக் கடை அன்பரின் மகள் பிழைத்து எழுந்தாள். பிழைக்காத குழந்தையும் உண்டு. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பல்லில் உண்டான சீழ் மூளைக்குப் பரவி உயிரிழந்தான். மூளையில் இருமுறை அறுவைச் சிகிச்சை செய்தும், ஆறு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் வைத்திருந்தும் காப்பாற்ற இயலவில்லை. அந்தப் பல்லை முதலிலேயே எடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவு சுமார் 80 டாலர் என்றும், ஆன செலவு சுமார் இரண்டரை இலட்சம் டாலர் என்றும் அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அந்தத் தாய் அலட்சியக்காரி அல்லள். ஏழைகளுக்கான அரசாங்க மருத்துவ உதவியை ஏற்றுக்கொள்ளும் பல் வைத்தியர் கிடைப்பதே அங்கே அரிதாயிருந்தது. அந்த உதவியும் இடையில் அவர்களுக்கு நின்றுபோயிருந்தது. உலகிலேயே செல்வம் மிகுந்த நாட்டில், தலைநகருக்குப் பக்கத்தில் நடந்தது இது. அங்குள்ள சட்டமன்றத்தாரும் பல் வைத்தியர்களும் விழித்துக்கொண்டு விதிகளை மாற்ற அந்தச் சாவு காரணமாயிற்று.

இத்தகைய முடிவு அரிது என்பதையும் சொல்லிவிடுவோம். வாசகர்களை அச்சுறுத்துவது நம் நோக்கமன்று. எனினும் சில அடையாளங்களைக் கண்டால் காலைவரை காத்திருக்கலாகாது: முகமோ தாடைக்கு அடிப்பக்கமோ வீங்குதல், வீக்கத்தோடு காய்ச்சல், கண் மூடிப்போதல், வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ முடியாமை, மூச்சுத் திணறல். அப்போது பல் வைத்தியர் இருக்கிறாரா என்று தேடிக்கொண்டிராமல் பெரிய மருத்துவமனைக்கே நேரே போய்விட வேண்டும்.

அரிதல்லாத இழப்புகள் ரசீதில் வருவதில்லை. வலியோடு வாழும் குழந்தை கடினமான பண்டங்களைத் தள்ளிவிட்டு ரசஞ்சோற்றையும் பிஸ்கட்டையும் மட்டும் கேட்கும், "பிடிவாதம்" என்கிறோம். இரவில் புரண்டு புரண்டு படுத்துக் காலையில் வகுப்பில் தூங்கும். "மந்தம்" என்று ஆசிரியை எழுதி அனுப்புகிறார். முன்பல் கறுத்த பெண்குழந்தை வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கப் பழகிவிடுகிறது. பால் பற்களில் சொத்தையுள்ள குழந்தைகள் உலகில் 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நம் குழந்தைகளும் அந்தத் தொகையில் அடக்கம்.

வெளியூரில் வாழும் நமக்கென்று தனியாக இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, "ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது. துணி எடுக்கவும் நகை மாற்றவும் கண்ணாடி போடவும் நாம் ஊரையே நம்பியிருக்கிறோம். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் பல் வைத்தியம் ஒரே நாளில் முடிகிற காரியமன்று. நரம்புவரை போன சொத்தைக்கு மூன்று நான்கு தடவை போக வேண்டும். இடையிடையே ஒரு வாரம் விட வேண்டும். கோரமண்டலில் போய்ச் சேர்ந்து, திரும்பும் பயணச்சீட்டின் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கும் வைத்தியம் பாதியிலேயே நிற்கிறது. தற்காலிகமாக அடைத்தது இங்கே வந்து கழன்று விழுகிறது. ஊரில் பார்க்கத்தான் வேண்டுமென்றால், இறங்கிய மறுநாளே பார்க்க வேண்டும். கல்யாணமெல்லாம் முடிந்தபின் அன்று.

இரண்டாவது தடை மொழி. தந்தை பணிக்குப் போயிருக்கும் பகலில் தாய்தான் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டும். "விண்விண் என்று தெறிக்கிறது", "கூசுகிறது" என்பதையெல்லாம் வங்காளி டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கமே பல தாய்மார்களை வாசலோடு திருப்பிவிடுகிறது. சில சொற்கள் போதும். வங்காளத்தில் பல் வலிக்கு "தாந்தே பேதா", கூச்சத்துக்கு "ஷிர்ஷிர்" (நம் காதுக்கே பொருள் விளங்கும் சொல்), வீங்கியிருப்பதற்கு "ஃபோலா", ஈறுக்கு "மாடி". இந்தியில் வலி "தர்த்", கூச்சம் "ஜன்ஜனாஹட்", வீக்கம் "சூஜன்", ஈறு "மசூடா". எத்தனை நாளாக வலிக்கிறது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, குளிர்ந்ததற்கா சூட்டிற்கா என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

எங்கே போவது என்ற கேள்விக்கு வருவோம். ரயில்வே ஊழியர் குடும்பத்தார் ரயில்வே மருத்துவமனையை நாடலாம். பெரிய மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. ஈ.எஸ்.ஐ. அட்டை உடையவர்களுக்கு அதன் மருந்தகங்கள் வழிகாட்டும். இவ்விரண்டும் இல்லாத கடைக்காரர்களும் ஒப்பந்தத் தொழிலாளரும் நம்மில் அநேகர். அவர்களுக்கு அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரிகளே புகலிடம். சொற்பக் கட்டணம், குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு. மாணவர்கள் வைத்தியம் செய்கிறார்கள், ஆசிரியர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள். ஒரு நாள் முழுவதும் ஆகும் என்பது மட்டுமே குறை. ரயிலில் போகிற நமக்கு வசதியாகச் சில கல்லூரிகள் நிலையத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன. கல்கத்தாவில் சியால்தாவுக்கு அருகே டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி; பம்பாயில் மும்பை சென்ட்ரல் பக்கத்தில் நாயர் மருத்துவமனையின் பல் கல்லூரி; சென்னையில் கோட்டை நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1953-ல் தொடங்கியது. நாகபுரி, பெங்களூர், தில்லி அன்பர்களுக்கும் அங்கங்கே அரசுக் கல்லூரிகள் உண்டு. கரக்பூரிலிருந்து லோக்கல் வண்டியில் ஹௌரா ஏறக்குறைய மூன்று மணி. அங்கிருந்து சியால்தாவுக்குப் பேருந்து. முதல் வண்டியைப் பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

அந்தக் கல்கத்தாக் கல்லூரியின் வரலாறு சுவையானது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி அது. அமெரிக்காவில் அயோவாப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியம் பயின்று திரும்பிய ரஃபியுத்தீன் அகமது 1920-ல் அதை நிறுவினார். அதற்குப் பண உதவி வந்தது நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்னும் நிறுவனத்திலிருந்து! சோடாக் கடைப் பணம் பல் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்ததைப் பிராயச்சித்தம் என்று நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம். 1949-ல் கல்லூரியை மேற்கு வங்க அரசாங்கத்திடமே அவர் ஒப்படைத்துவிட்டார். அதன் பயனாகத்தான் இன்று இட்லிக் கடைக்காரரின் மகளும் அங்கே போய் உட்கார முடிகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் நம் முன்னோர் போற்றினார்கள். ஆனால் அவர்களுடைய குழந்தைகள் நாளுக்கு நான்கு தடவை பிஸ்கட் தின்றதில்லை. முதல் பல் முளைத்த நாளிலிருந்தே ஃப்ளோரைடு கலந்த பற்பசையால் காலையிலும் படுக்குமுன்னும் தேய்க்க வேண்டும். மூன்று வயதுவரை ஒரு அரிசி அளவு, ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு பசை போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நிறையப் பிதுக்குவது பசைக் கம்பெனிக்கு மட்டும் நல்லது. துப்பச் சொல்லலாம், நிறைய நீர்விட்டுக் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டியதில்லை. ஏழெட்டு வயதுவரை பெரியவர்களே தேய்த்துவிடுவது நலம். தன் சட்டைக்குத் தானே பொத்தான் போடத் திணறுகிற கை கடைவாய்ப் பல்லைத் துலக்கும் என்று எதிர்பார்க்கலாகாது. செங்கற்பொடி, கரி, உப்பு ஆகியவை பல்லைத் தேய்த்துக் கரைக்கும். இந்தப் பக்கத்தில் புகையிலையும் வெல்லப்பாகும் கலந்த "குடாக்கு" என்னும் பசையைப் பெண்கள் பல்லில் தேய்க்கும் வழக்கம் உண்டு. நம்மவர் சிலரும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் ஒரு நாள் விரலை விடுவார்கள். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை 1992-லேயே மத்திய அரசு தடைசெய்துவிட்டது.

ஃப்ளோரைடு பற்றி நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி அன்பர்கள் ஐயம் எழுப்புவார்கள். அவர்களுடைய ஐயம் நியாயமானதே. அந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. பல்லில் பழுப்புக் கறையும், மிஞ்சினால் எலும்பில் கோளாறும் அதனால் உண்டாகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ராஜஸ்தானத்திலும் இத்தகைய பகுதிகள் உண்டு. குடிநீர் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவைத் தாண்டாமல் இருப்பது நலம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அளவுக்கு மிஞ்சியதை நாள்தோறும் குடிப்பது வேறு. அரிசி அளவு பசையைப் பல்லில் தடவித் துப்புவது வேறு. பணிமாற்றத்தில் புதிய ஊருக்குப் போகும்போது அங்குள்ள குழாய்க்கிணற்று நீரைப் பற்றி விசாரித்துக்கொள்வது மட்டும் அவசியம்.

மாதம் ஒரு முறை குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீட்டியதுபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால், அது சொத்தையின் முதல் படி. அந்தக் கட்டத்தில் பசையும் உணவு ஒழுங்குமே அதைத் திருப்பிவிட வல்லவை. ஒரு காசும் செலவில்லை. குழி விழுந்துவிட்டாலும், துளைக்கும் இயந்திரத்தைக் கண்டு அலறுகிற சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இன்று எளிய வழிகள் உள்ளன. வெள்ளியும் ஃப்ளோரைடும் சேர்ந்த ஒரு நீர்மருந்தைச் சொத்தையின் மேல் தடவினால் அது மேலும் பரவாமல் நின்றுவிடுகிறது. தடவிய இடம் கறுத்துப்போகும் என்பதே குறை. இம்மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஆறு வயதில் வரும் பெரிய பல்லின் பள்ளங்களைச் சொத்தை விழுமுன்பே மெழுகுபோல் ஒரு பூச்சால் மூடிவிடவும் செய்கிறார்கள். டாக்டர் தாமாகச் சொல்லாவிட்டால் நாமே கேட்கலாம்.

விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் ஊர் வழக்கம். இங்குள்ள வங்காளிக் குழந்தைகள், எலியின் பல்லைப்போல் உறுதியான பல் வேண்டுமென்று எலி வளையில் போடுகிறார்கள். மாடிக் குடியிருப்பில் கூரையும் இல்லை, வளையும் இல்லை. நம் பிள்ளைகள் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வருத்தத்தோடு பார்க்கிறார்கள். ஆனால் எறிவதற்கு முன் அந்தப் பல்லைக் கையில் வாங்கி, ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வாயில் மிச்சமிருப்பவற்றில் அதற்குப் பக்கத்துப் பல்லையும் பார்க்க வேண்டும்.

2013-லிருந்து நடைபெற்றுவரும் ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்கிரமத்தின்படி அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் மருத்துவக் குழு வந்து, மற்ற நோய்களோடு பற்களையும் பார்த்து, தேவைப்பட்ட குழந்தையிடம் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்புகிறது. சீட்டு வங்காளத்திலோ இந்தியிலோ இருப்பதால் புத்தகப் பைக்குள்ளேயே அது மடிந்து கிடந்து கிழிந்துபோகிறது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிமுதல் பன்னிரண்டுவரை நம் சங்க வாசகசாலையில் வங்காளமும் இந்தியும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பையைத் துழாவி, அத்தகைய சீட்டு ஏதும் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். படித்துச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை போக வேண்டுமென்று தமிழில் எழுதித் தருவார்கள்.